காப்பெல் கெலின்: ஒரு பள்ளத்தாக்கு நீருக்குள் போன வழி

வடக்கு வேல்ஸில் பாலா என்னும் சிறு சந்தை ஊரிலிருந்து ட்ரவ்ஸ்வெனித் நோக்கிச் செல்லும் சாலையில் சில மைல் போனதும், இடப்பக்கத்தில் ஏறத்தாழ இரண்டரை மைல் நீளமும் ஒரு மைல் அகலமும் கொண்ட நீர்ப்பரப்பு ஒன்று விரிகிறது. தெற்கே 854 மீட்டர் உயரமுள்ள அரெனிக் வௌர் மலையும், வடக்கே அதைவிடச் சிறிய அரெனிக் வாக் மலையும் காவலுக்கு நிற்பவை போல எழுந்து நிற்கின்றன. அணை கல்சுவராக இல்லாமல் புல் மூடிய நீண்ட கரையாக இருப்பதால், ஊருக்குப் புதியவர்கள் இதை இயற்கையான ஏரி என்றே எண்ணிவிடுவார்கள். இதன் பெயர் லின் கெலின். லின் என்றால் ஏரி. கெலின் என்றால் முள் விளிம்புள்ள இலையும் சிவந்த பழமும் கொண்ட ஹாலி மரம். நீர் வருவதற்கு முன் இந்த இடத்தில் ட்ரிவெரின் ஆறு ஓடிய ஒரு பள்ளத்தாக்கும், அதில் காப்பெல் கெலின் என்ற ஊரும் இருந்தன.

1957-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டத்தின் வலிமையால், லிவர்பூல் மாநகராட்சி இந்தப் பள்ளத்தாக்கை எடுத்து, 1965-இல் நீர்த்தேக்கமாகத் திறந்தது. ஒரு பெருநகரத்துக்குத் தண்ணீர் தேவைப்பட்டது என்பதை யாரும் மறுக்கவில்லை. அப்படியிருந்தும் அறுபது ஆண்டுகளாக வேல்ஸ் மக்கள் இந்த நிகழ்வை மறக்க மறுக்கிறார்கள் என்றால், அதற்கான காரணத்தைத் தண்ணீரில் தேடிப் பயனில்லை. அந்த முடிவு எடுக்கப்பட்ட முறையில்தான் தேட வேண்டும் என்பது என் கருத்து. ஆகவே இந்த ஆய்வு அணையின் பொறியியலை விட, முடிவு சென்ற பாதையையே அதிகமாகப் பின்தொடர்கிறது.

ஊர்

காப்பெல் கெலின் மிகச் சிறிய ஊர். ஒரு சிற்றாலயம், ஒரு பள்ளி, ஓர் அஞ்சலகம், சில வீடுகள், பள்ளத்தாக்கு நெடுக ஆங்காங்கே 12 பண்ணைகள். மொத்தம் 67 பேர் வாழ்ந்த பள்ளத்தாக்கில் 48 பேர் வீடிழந்தார்கள்; நீருக்குள் போன நிலம் ஏறத்தாழ 800 ஏக்கர். எண்ணிக்கையாகப் பார்த்தால் இவ்வளவுதான், நாடாளுமன்றத்திலும் இவ்வளவாகத்தான் பார்க்கப்பட்டது.

ஆனால் இந்த 48 பேரும் ஒருவரோடொருவர் தொடர்பில்லாத 48 தனி ஆட்கள் அல்லர். ஆடு மேய்ப்பதும் மாடு வளர்ப்பதும் கோடையில் புல் அறுத்து உலர்த்திச் சேர்ப்பதும் அவர்களின் தொழில். வீட்டிலும் வயலிலும் வழிபாட்டிலும் பள்ளியிலும் அவர்கள் பேசியது வெல்ஷ் மொழி ஒன்றே. ஞாயிற்றுக்கிழமை சிற்றாலயத்தில் கூடுபவர்களே வார நாளில் பள்ளிக் கட்டடத்தில் பாடவும் செய்யுள் இயற்றிப் போட்டியிடவும் கூடினார்கள். பாலா வட்டாரம் முழுவதுமே பாட்டுக்குப் பேர்போனது. குறிப்பாகக் கெர்த் தாந்த் என்ற பாடல்முறை இங்கு வேரூன்றியிருந்தது. யாழ் வாசிப்பவர் ஒரு மெட்டை எடுத்து வாசித்துக்கொண்டே போக, பாடுபவர் சற்றுப் பொறுத்திருந்து அதனோடு இசைவான வேறொரு மெட்டில் செய்யுளைத் தொடங்கி, இருவரும் ஒரே இடத்தில் வந்து முடிக்க வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்துத் தேற முடியாது. தெரிந்தவரின் அருகில் உட்கார்ந்து காதால் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆட்களை நாலாபக்கமும் பிரித்துக் குடியமர்த்தினால் முதலில் அழிவது இப்படிப்பட்ட அறிவுதான்.

இன்னொரு பழைய அடுக்கும் இந்த நிலத்தில் இருந்தது. ஹவோட் வாடோக் என்ற பண்ணை, 17-ஆம் நூற்றாண்டில் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர் அரசின் ஒடுக்குமுறைக்கு நடுவே கூடி வழிபட்ட இடம். பாலா வட்டாரத்துக் குவேக்கர்கள் 1682 முதல் கடல் கடந்து பென்சில்வேனியாவில் குடியேறினார்கள். அவர்கள் விட்டுச்சென்ற அந்தப் பண்ணையும் நீருக்குள் போயிற்று. சாலையோரத்தில் நிறுத்திய கல் ஒன்றில் பதித்த வெண்கலப் பட்டயம் மட்டும் இன்று அதன் இருப்பைச் சொல்கிறது.

மாநகரின் பக்கம்

லிவர்பூலின் தேவையை நேர்மையாக எடுத்துரைக்காமல் இந்த ஆய்வைத் தொடர முடியாது. ஏறத்தாழ 8 லட்சம் மக்கள் வாழ்ந்த துறைமுக நகரம் அது. 1940-41 குண்டுவீச்சில் பெரும் சேதம் கண்டது. நெரிசலான, குளியலறை இல்லாத, பல குடும்பங்கள் ஒரே குழாயைப் பகிர்ந்துகொண்ட வீடுகளில் தொழிலாளர்கள் வாழ்ந்தார்கள். அந்த வீடுகளை இடித்துப் புதியவற்றைக் கட்டினால் ஒவ்வொரு வீட்டுக்கும் குழாயும் கழிப்பறையும் வேண்டும். அதற்குத் தண்ணீர் வேண்டும். லிவர்பூலின் தொழிலாளர் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் பெஸ்ஸி பிராடாக் போன்றோர் இந்தத் திட்டத்தின் பின்னால் உறுதியாக நின்றதற்கு இதுவே காரணம். ஏழைகளின் வீட்டுக்காக வாழ்நாளெல்லாம் போராடியவர் அவர். அவரை வில்லனாக்கிப் பேசுவது எளிது, ஆனால் நியாயமல்ல.

எதிர்த்தவர்கள் எழுப்பிய கேள்வி வேறு. இத்தனை தண்ணீரும் வீட்டுக் குழாய்களுக்குத்தானா? மெர்சி ஆற்றங்கரைத் தொழிற்சாலைகளுக்கு விற்பதற்கும் கணிசமான பங்கு இந்தத் திட்டத்தில் அடங்கியிருந்தது. தாகத்துக்கும் விற்பனைக்கும் இடையே உள்ள வேறுபாட்டை நாடாளுமன்ற வாதம் போதிய அளவு பிரித்துப் பார்க்கவில்லை.

லிவர்பூலுக்கு இது முதல் முறையும் அல்ல. 1880-களில் அதே மாநகராட்சி, மாண்ட்கோமரி வட்டாரத்தில் விர்ன்வி ஆற்றின் குறுக்கே பெரிய கல்லணை கட்டியபோது லான்வுதின் என்ற ஊர் தேவாலயம், சிற்றாலயங்கள், விடுதிகள், வீடுகளோடு மூழ்கியது. அடுத்த பத்தாண்டில் பர்மிங்ஹாம் நகரம் ஈலான் பள்ளத்தாக்கை எடுத்துக்கொண்டது. 1950-களில் லிவர்பூலின் பார்வை முதலில் டோலனாக் என்ற இடத்தின்மேல் விழுந்தது. வெல்ஷ் பக்திப் பாடல்களின் தலையாய கவிஞர் ஆன் கிரிஃபித்ஸ் வாழ்ந்த மண் அது. எதிர்ப்பு கடுமையாக வந்ததும் மாநகராட்சி பின்வாங்கி ட்ரிவெரினுக்குத் திரும்பியது. புகழ்பெற்ற ஒருவரின் நினைவு ஒரு பள்ளத்தாக்கைக் காத்தது. உயிரோடிருந்தவர்களின் வீடுகள் அடுத்ததைக் காக்கவில்லை. இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது.

லிவர்பூல் வேல்ஸுக்கு அந்நிய ஊரும் அல்ல என்பது இதில் கூடுதல் வேதனை. வேலை தேடிப் போன வெல்ஷ் மக்கள் பல தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தார்கள், வீடு கட்டினார்கள், தங்கள் மொழியில் சிற்றாலயங்கள் நடத்தினார்கள். வெல்ஷ் மொழியின் தேசிய விழாவான ஐஸ்டெத்வோட் 1884, 1900, 1929 ஆகிய ஆண்டுகளில் லிவர்பூலிலேயே நடந்தது. அடித்த கை உறவினர் கை.

சட்டம் சென்ற பாதை

நிகழ்வின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. வழக்கமான முறைப்படி, ஒரு மாநகராட்சி வேறொரு வட்டாரத்தில் இவ்வளவு பெரிய கட்டுமானம் எழுப்ப வேண்டுமானால் அந்த வட்டாரத்தின் திட்ட அதிகாரிகளிடம் அனுமதி கேட்க வேண்டும். அப்படிக் கேட்டிருந்தால் விண்ணப்பம் மெய்ரியோனித் மாவட்ட மன்றத்தின் மேசைக்கு வந்திருக்கும், பொது விசாரணை வைக்க இடம் உண்டாகியிருக்கும், ஊரார் எழுந்து பேசியிருப்பார்கள், மறுப்பும் கிடைத்திருக்கலாம். லிவர்பூல் அந்தப் பாதையில் போகவில்லை. ஓர் அமைப்பு தனக்கென்று குறிப்பிட்ட அதிகாரம் கோரி நாடாளுமன்றத்தில் நேரடியாகத் தாக்கல் செய்யும் தனிச்சட்ட மசோதாவைக் கொண்டுவந்தது. அது நிறைவேறிவிட்டால் நிலத்தைக் கட்டாயமாக எடுக்கும் அதிகாரமும் அணை கட்டும் அதிகாரமும் ஒரே ஏட்டில் கிடைத்துவிடும். வேல்ஸில் உள்ள எந்த மன்றத்தின் ஒப்புதலும் தேவையில்லை.

சட்டப்படி இதில் குற்றம் காண முடியாது. முறைப்படி அமைந்த வழியே நடந்தார்கள். அந்த வழியில் எங்கேயும் காப்பெல் கெலினுக்கு ஒரு நாற்காலி போடப்படவில்லை என்பதுதான் குறை.

ஊர் மக்கள் இந்தத் திட்டத்தைப் பற்றி முதலில் அறிந்துகொண்டதே 1955 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சற்று முன், லிவர்பூல் நாளிதழ் ஒன்றின் வெல்ஷ் பதிப்பில் படித்துத்தான். மாநகராட்சியிலிருந்து யாரும் வந்து ஒரு கதவையும் தட்டவில்லை. தங்கள் வீடு மூழ்கப்போகிறது என்பதை, பாலும் ரொட்டியும் வாங்கப் போகும் வழியில் தலைப்புச் செய்தியாகப் பார்க்க நேர்ந்தால் ஒருவருக்கு என்ன தோன்றும் என்பதை விளக்கத் தேவையில்லை.

1956-இல் காப்பெல் கெலின் பாதுகாப்புக் குழு உருவாயிற்று. அதன் செயலாளராக இருந்தவர் எலிசபெத் வாட்கின் ஜோன்ஸ், ஊரின் மகள். வேல்ஸ் முழுவதும் உள்ள உள்ளாட்சி மன்றங்கள், தொழிற்சங்கங்கள், திருச்சபைகள், பண்பாட்டு அமைப்புகள் எனக் கடிதம் போகாத இடமில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளாட்சி மன்றங்கள் அவர்களுக்கு ஆதரவு தெரிவித்தன. ஒரு சிற்றூரின் அஞ்சலகத்திலிருந்து கிளம்பிய கடிதங்கள் ஒரு நாட்டையே ஒரு பக்கமாக நிறுத்தின என்பது இந்த நிகழ்வின் மிகப் பெரிய சாதனை. அதற்குப் பிறகும் தோற்க முடிந்தது என்பதுதான் ஆராயத்தக்கது.

1956 நவம்பர்

நவம்பர் 7 அன்று வெல்ஷ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரியின் தலைவர் குவின்வோர் எவன்ஸ் வேறு இருவரோடு லிவர்பூல் மாமன்றக் கூட்டத்துக்குச் சென்று, ஊரின் சார்பில் பேச எழுந்தார். அவரைப் பேச விடவில்லை. உறுப்பினர்கள் கூச்சலிட்டார்கள், மேசைகளைத் தட்டினார்கள். கடைசியில் மூவரும் அவையிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 21 அன்று, ஊரே பேருந்தில் ஏறியது. முதியவர்களும் பள்ளிக் குழந்தைகளும் ஞாயிற்றுக்கிழமை உடையில், கையில் எழுதிய பதாகைகளோடு லிவர்பூல் தெருக்களில் நடந்தார்கள். அன்றைய ஒளிப்படங்கள் இன்றும் நமக்குக் கிடைக்கின்றன. கனத்த குளிர்கால மேலங்கிகள், தொப்பிகள், பக்கத்தில் கைபிடித்து நடக்கும் சிறுவர் சிறுமியர், பின்னால் புகைபடிந்து கறுத்த மாநகரக் கட்டடங்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஊர்வலம் போவதே வாழ்வில் முதல் முறை. பதாகைகளில் ஒன்று, உங்கள் வீடுகள் பத்திரமாக இருக்கின்றன, எங்கள் வீடுகளை ஏன் அழிக்கிறீர்கள் என்று கேட்டது. இன்னொன்று, லிவர்பூல் முரடனாக இல்லாமல் பெருமைக்குரிய நகரமாக இருக்க வேண்டும் என்று மன்றாடியது. பகைமையின் மொழி எதிலும் இல்லை. அண்டை வீட்டாரிடம் முறையிடும் குரல்தான் அவை எல்லாவற்றிலும் இருந்தது. அந்த முறை எவன்ஸுக்கு மாமன்றத்தில் பேச இடம் கொடுத்தார்கள், கேட்டுக்கொண்டார்கள், பின்னர் திட்டத்தைத் தொடர முடிவு செய்தார்கள்.

வாக்கெடுப்பு

1957 ஜூலை 3 அன்று மசோதா மக்களவையில் இரண்டாம் வாசிப்புக்கு வந்து, 166-க்கு 117 என்ற வாக்குகளில் நிறைவேறியது. வேல்ஸிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட 36 உறுப்பினர்களில் ஒருவர்கூட ஆதரவாக வாக்களிக்கவில்லை. 35 பேர் எதிர்த்தார்கள், ஒருவர் விலகி நின்றார் என்பதே வேல்ஸில் இன்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும் கணக்கு. ஆகஸ்ட் 1 அன்று அரச ஒப்புதல் கிடைத்து அது 1957-ஆம் ஆண்டின் லிவர்பூல் மாநகராட்சிச் சட்டமாயிற்று.

அமைச்சரின் நிலையைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அப்போது வேல்ஸுக்கென்று தனி அமைச்சகம் கிடையாது. ஹென்றி புரூக் என்பவர் வீட்டுவசதி, உள்ளாட்சி அமைச்சராக இருந்துகொண்டே வேல்ஸ் விவகாரங்களையும் கவனித்துவந்தார். அவர் தொகுதி லண்டனில் இருந்தது. ஆங்கில நகரங்களுக்கு வீடும் தண்ணீரும் கிடைக்கச் செய்வது அவருடைய ஒரு கடமை. வேல்ஸின் நலனை அமைச்சரவையில் எடுத்துரைப்பது இன்னொரு கடமை. இரண்டும் மோதியபோது அவர் மசோதாவை ஆதரித்தார். ஒரே ஆள் வழக்குரைஞராகவும் நீதிபதியாகவும் இருக்க நேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தனி மனிதராக அவரை எவ்வளவு குறை சொன்னாலும், இரண்டு நாற்காலிகளிலும் ஒருவரையே உட்கார வைத்த அமைப்பின் குறை அதைவிடப் பெரியது.

எதிர்த்த உறுப்பினர்கள் தொழிலாளர் கட்சி, பழமைவாதக் கட்சி, தாராளவாதக் கட்சி என்று எல்லாத் தரப்பிலும் இருந்தார்கள். பல விஷயங்களில் ஒருவரையொருவர் ஏற்காதவர்கள் இதில் ஒன்றுபட்டார்கள். அவையில் 600-க்கும் மேற்பட்ட இருக்கைகள் இருக்கும்போது 36 பேரின் ஒருமித்த கருத்துக்கு ஒரு பலமும் இல்லை என்று அன்று வெளிப்பட்டுவிட்டது. அதுவரை அனைத்துக் கட்சி எதிர்ப்பு என்றால் ஏதோ ஒரு தடுப்பாகவாவது இருக்கும் என்று வேல்ஸில் பலர் நம்பியிருந்தார்கள்.

மூடப்பட்ட கதவுகள்

பாலாவையும் ஃபெஸ்டினியோக்கையும் இணைத்த இரயில் பாதையின் ஒரு பகுதி நீருக்குள் போக இருந்ததால் அந்தத் தடமே கைவிடப்பட்டது. 1960 ஜனவரியில் பயணிகள் வண்டி நின்றது. மறு ஆண்டு சரக்கு வண்டியும் நின்றது. கட்டுமானம் வளர வளர, பண்ணைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

எல்லா எதிர்ப்பும் அமைதியாக இருந்துவிடவில்லை. 1962 செப்டம்பரில் இரு இளைஞர்கள் கட்டுமானத் தளத்தின் மின்மாற்றியிலிருந்து எண்ணெயைத் திறந்துவிட்டார்கள்; 1963 பிப்ரவரி 10 அன்று பனி படர்ந்த இரவில் மூன்று பேர் மற்றொரு மின்மாற்றியை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அணை வேலை இதனால் நின்றுவிடவில்லை. நாடாளுமன்ற வழி மூடிக்கொண்டது என்று கண்ட இளைஞர்களில் சிலர் எந்தப் பக்கம் திரும்பினார்கள் என்பதை இது காட்டுகிறது. வேறு சிலர் மொழியின் பக்கம் திரும்பினார்கள். 1962 பிப்ரவரியில் எழுத்தாளர் சாண்டர்ஸ் லூயிஸ் வெல்ஷ் மொழியின் எதிர்காலம் பற்றி வானொலியில் ஆற்றிய உரை, ட்ரிவெரினையும் தொட்டுப் பேசியது. அதே ஆண்டில் வெல்ஷ் மொழிச் சங்கம் தோன்றியது. 1951 கணக்கெடுப்பில் வேல்ஸ் மக்களில் 28.9 விழுக்காட்டினர் வெல்ஷ் பேசினார்கள். 1961-இல் 26, 1971-இல் 20.8. இந்தச் சரிவின் நடுவில்தான், அந்த மொழி மட்டுமே புழங்கிய ஓர் ஊர் கலைக்கப்பட்டது.

1963 ஜூலையில் பள்ளி மூடப்பட்டது. செப்டம்பர் 28 அன்று சிற்றாலயத்தில் கடைசி வழிபாடு நடந்தது. ஊரில் மிஞ்சியிருந்தவர்களை விடப் பல மடங்கு கூட்டம். வெவ்வேறு ஊர்களில் குடியேறியவர்கள், உறவினர்கள், அவர்களுக்காகக் கையொப்பமிட்டவர்கள் என்று அத்தனை பேரும் அந்தச் சிறிய கட்டடத்தைச் சுற்றி நின்று நான்கு குரல்களில் பாடினார்கள். அதற்குப் பிறகு கூரையைப் பிரித்தார்கள், சுவர்களை இடித்தார்கள், மரங்களை வெட்டினார்கள்.

திறப்பு விழா 1965 அக்டோபர் 21 அன்று நடந்தது. விழாவுக்கு வந்த வாகனங்களை நூற்றுக்கணக்கானோர் மறித்தார்கள், கற்கள் பறந்தன, ஒலிபெருக்கிக் கம்பிகள் அறுக்கப்பட்டன. மேடையில் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. சுமார் மூன்று நிமிடத்தில் விழா முடிந்துவிட்டது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மாமன்றத்தில் எவன்ஸின் குரலை அமுக்கிய கூச்சலுக்கு, பள்ளத்தாக்கு தந்த பதில் போல அது அமைந்தது.

பின்விளைவுகளும் அவற்றின் எல்லையும்

1964-இல் வேல்ஸுக்கென்று முதன்முறையாக அமைச்சரவையில் தனி அமைச்சர் பதவி உருவாகி, ஜேம்ஸ் கிரிஃபித்ஸ் அதை ஏற்றார். 1966 ஜூலை 14 அன்று கார்மார்தன் இடைத்தேர்தலில் குவின்வோர் எவன்ஸ் வென்று, பிளைட் கம்ரியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1967-இல் வெல்ஷ் மொழிச் சட்டம் வந்தது. இவற்றை எல்லாம் ட்ரிவெரினின் நேரடி விளைவுகளாக வரிசைப்படுத்துவது வழக்கம். அந்த வழக்கத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. பள்ளத்தாக்கு அமைந்த மெய்ரியோனித் தொகுதியிலேயே, சட்டம் நிறைவேறி இரண்டு ஆண்டுகள் கழித்து 1959 பொதுத்தேர்தலில் எவன்ஸ் போட்டியிட்டார், வெற்றி பெறவில்லை. மக்கள் கோபம் வாக்குச்சீட்டாக மாற ஏழு ஆண்டுகளும் வேறொரு தொகுதியும் வேறு பல குறைகளும் தேவைப்பட்டன. தனி அமைச்சர் பதவிக்கான கோரிக்கை ட்ரிவெரினுக்கு முன்பே இருந்தது. ட்ரிவெரின் செய்தது என்னவென்றால், அந்தக் கோரிக்கையை மறுக்க முடியாததாக்கியது. வேல்ஸுக்குத் தனிக் குரல் எதற்கு என்று கேட்டவர்களுக்கு, அதன் பிறகு ஒரே சொல்லில் பதில் இருந்தது.

நீரின் உரிமையிலும் மாற்றம் வந்தது. 1973 நீர்ச் சட்டத்தின்படி, 1974-இல் மாநகராட்சிகளின் கையிலிருந்த நீர்த்தேக்கங்கள் வட்டார அதிகார அமைப்புகளுக்கு மாறின. லின் கெலின் வேல்ஸின் அமைப்புக்குச் சேர்ந்தது. இன்று அது வெல்ஷ் வாட்டர் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது.

அபரிஸ்ட்வித்துக்குத் தெற்கே லான்ரிஸ்டுட் அருகில், கடலோர நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு பாழடைந்த கல்வீட்டின் சுவர் நிற்கிறது. 1960-களின் நடுவில் மைக் ஸ்டீவன்ஸ் என்ற இளைஞர் அதில் இரண்டு சொற்களை வெள்ளை வண்ணத்தில் எழுதினார்: கோவியுக் ட்ரிவெரின், அதாவது ட்ரிவெரினை நினைவில் வையுங்கள். வெல்ஷ் இலக்கணப்படி ஏவல் வினைக்குப் பின் வரும் செயப்படுபொருளின் முதல் மெய் மென்மையாகத் திரிய வேண்டும். அதன்படி ட்ரிவெரின் (Tryweryn) என்பது முதல் வல்லொலி நீங்கி, ஆங்கில ‘D’ எழுத்தின் ஒலியோடு Dryweryn என்று தொடங்க வேண்டும்; அவர் எழுதியதில் அந்தத் திரிபு இல்லை. வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று தடுமாறிய அனுபவம் உள்ள நமக்கு இந்தப் பிழை அந்நியமாகத் தோன்றாது. பின்னால் வந்த கைகள் அதைத் திருத்தி எழுதின. எழுத்து மங்கும்போதெல்லாம் யாரோ மீண்டும் வண்ணம் பூசினார்கள். 2019-இல் அந்தச் சுவர் சிதைக்கப்பட்டபோது, சில வாரங்களுக்குள் அதே இரண்டு சொற்கள் வேல்ஸ் முழுவதும் வீட்டுச் சுவர்களிலும் களஞ்சியங்களிலும் தோன்றின. ஊரைப் பார்த்தே இராத தலைமுறை எழுதிய எழுத்து அது.

2005 அக்டோபரில் லிவர்பூல் மாமன்றம் மன்னிப்புத் தெரிவித்தது. நகரத்தைத் தம் இல்லமாக்கிக்கொண்ட ஆயிரக்கணக்கான வெல்ஷ் மக்களுக்கு நன்றி சொல்லி, நாற்பது ஆண்டுகளுக்கு முன் உண்டான மனப்புண்ணை உணர்வதாகக் கூறி, அன்றைய மன்றம் உணர்வின்றி நடந்துகொண்ட ஏதேனும் இருந்தால் அதற்காக வருந்துவதாக அது முடிந்தது. சிலர் அதை ஏற்றார்கள். காலம் கடந்த, பாதி மனதான சொல் என்று சிலர் ஒதுக்கினார்கள். அந்த ‘ஏதேனும் இருந்தால்’ என்ற சொல்லாட்சிதான் எனக்கும் நெருடுகிறது. நடந்ததை ஒப்புக்கொள்ளும் மன்னிப்பில் ஐயத்துக்கு இடம் வைக்கக்கூடாது. ஆயினும் ஒரு நகர மன்றம் தன் முன்னோரின் முடிவுக்காகத் தலைகுனிந்தது சிறிய செயல் அல்ல.

இப்போது

லின் கெலினிலிருந்து லிவர்பூலுக்குக் குழாய் எதுவும் போகவில்லை என்பதைப் பலர் அறிவதில்லை. டீ ஆற்றின் ஓட்டத்தைச் சீராக்குவதற்கான தேக்கம் இது. மழைக்காலத்தில் சேர்த்து, கோடையில் ஆறு மெலியும்போது நீரை ட்ரிவெரினில் விடுகிறார்கள்; அது பாலா அருகே டீயில் கலந்து, வடக்கு வேல்ஸைக் கடந்து, செஸ்டர் நகரை நெருங்கும்போது இறைக்கப்படுகிறது. அணைக்குச் சற்றுக் கீழே, திறந்துவிட்ட நீரின் வேகத்தில் படகு செலுத்தும் விளையாட்டு மையம் ஒன்று இயங்குகிறது. கோடையில் அங்கு சிரிப்பும் கூச்சலுமாக இருக்கிறது. அதில் தவறேதும் இல்லை.

கடும் வறட்சியில் நீர் இறங்கினால் பழைய பாதையின் தடமும் சுவர்களின் அடித்தளமும் சேற்றிலிருந்து வெளியே தெரியும். அப்போது சாலையோரத்தில் வாகனங்கள் நிற்கின்றன.

கரையில் ஒரு நினைவுச் சிற்றாலயம் கட்டியிருக்கிறார்கள். அதையொட்டி, பழைய கல்லறைத் தோட்டத்திலிருந்து எடுத்துவந்த தலைக்கற்கள் நடப்பட்டுள்ளன. நீர் வருவதற்கு முன், எட்டு உடல்களை மட்டும் தோண்டி எடுத்து வேறு இடுகாடுகளில் அடக்கம் செய்தார்கள். மற்றவர்களை இருந்த இடத்திலேயே விட்டு, மேலே கற்காரை போட்டு மூடினார்கள். ஆகவே அந்தத் தோட்டத்தில் நிற்கும் கற்களில் வெல்ஷ் மொழியில் பெயரும் பண்ணையின் பெயரும் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் இருக்கின்றன. பெயருக்குரியவர்கள் அங்கு இல்லை. அவர்கள் சற்றுத் தள்ளி, ஏரியின் அடியில் இருக்கிறார்கள்.